உன் டம்ளருக்கு வேறு பால்

உறையூர், திருச்சி
கார்த்திகை 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மழைக்கு அப்பாயியின் முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. போனில் பேசினால் நீ ஆபீஸ் அவசரத்தில் "சரிம்மா, சரிம்மா" என்கிறாய். எனக்கும் சொல்ல நினைத்ததில் பாதி மறந்துவிடுகிறது. அதனால்தான் நீ குடிக்க வேண்டிய சோயா பாலைப் பற்றி உட்கார்ந்து எழுதுகிறேன்.

உனக்குப் பாலில் இருக்கும் லாக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று இந்தூர் டாக்டர் சொன்னதை ஆவணியில் போனில் சொன்னாயே, அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உன் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை நாள்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தது. அன்று காலை பாதாம் அரைத்துப் போட்டு ஒரு பெரிய டம்ளர் பாலை உன் கையில் கொடுத்துவிட்டு, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். "வேண்டாம்மா, வயிற்றைப் பிசையும்" என்றாய். பயத்தில் அப்படித்தான் இருக்கும், குடி என்றேன். பரீட்சை நடுவில் இரண்டு முறை எழுந்து போக வேண்டியதாயிற்று என்று சாயந்தரம் வந்து அழுதாய். அப்போதும் எனக்குப் புரியவில்லை. அப்பாயி ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார்கள், ராத்திரி நான் மறுபடியும் பால் கொடுத்தேன். வளர்கிற பிள்ளை பால் குடிக்காவிட்டால் எலும்பு தேறாது என்று என் அம்மா சொல்லி வளர்ந்தவள் நான். நீ செம்பருத்திச் செடியின் அடியில் பாலைக் கொட்டியதைப் பார்த்து ஒரு நாள் அடித்தும் இருக்கிறேன். அது தப்பு, பாப்பா. நீ சொன்னதை நான் நம்பியிருக்க வேண்டும்.

அப்புறம் நம் தெரு முனை டாக்டரம்மாவிடம் போய் விவரமாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். பாலில் இருக்கிற சர்க்கரைதான் லாக்டோஸ். அதை உடைக்கும் லாக்டேஸ் என்ற நொதி சிறுகுடலில் உண்டாகிறது. கைக்குழந்தைக்கு அது நிறைய இருக்கும், பால்குடி மறந்த பிறகு பெரும்பாலோருக்குக் குறைந்துகொண்டே போகும். உலகத்தில் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேர் இப்படித்தானாம். உடையாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போனதும் அங்கே இருக்கும் பாக்டீரியா அதைப் புளிக்க வைக்கிறது. அப்போது உண்டாகும் காற்றில்தான் வயிறு உப்புகிறது, அந்தச் சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொள்வதால் வயிற்றுப்போக்கு ஆகிறது. இது அலர்ஜி இல்லை. அலர்ஜி என்றால் பாலின் புரதமே ஒத்துக்கொள்ளாது, தடிப்பும் மூச்சுத் திணறலும்கூட வரும், ஒரு சொட்டும் ஆகாது. உனக்கு அப்படி இல்லை என்பதால் நெய்க்குப் பயப்படாதே, அதில் லாக்டோஸ் இல்லை என்றே சொல்லலாம். நன்றாக உறைந்த தயிரும் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பார். உறையும்போதே சர்க்கரையில் ஒரு பங்கு தீர்ந்திருக்கும். ஆனால் ரபடி, பாசுந்தி, பால்கோவா எல்லாம் பாலைச் சுண்டக் காய்ச்சியவை. அவற்றில் லாக்டோஸும் கூடுதலாகச் செறிந்திருக்கும். சிநேகிதிகள் எவ்வளவு கூப்பிட்டாலும் அது வேண்டாம்.

நீ இப்போது பாதாம் பால் வாங்கிக் குடிப்பதாகச் சொன்னாய். அந்தப் பெட்டியைத் திருப்பிப் புரதம் எவ்வளவு என்று பார். பெரும்பாலும் ஒரு டம்ளருக்கு ஒரு கிராம் போலத்தான் இருக்கும். சோயா பாலில் 100 மில்லிக்கே 3 கிராம் போல வருகிறது, கிட்டத்தட்ட மாட்டுப்பால் அளவு. நீ முட்டைகூடத் தொடாதவள். பாலையும் விட்டுவிட்டுப் பாதாம் வாசனைத் தண்ணீரைக் குடித்தால் உடம்பு என்னாவது? அதனால்தான் சோயாவுக்கு மாறு என்கிறேன். சொல்வதற்கு முன்னால் நானே செய்து பார்த்துவிட வேண்டும் என்று இரண்டு மாதமாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

காந்தி மார்க்கெட்டில் சோயா என்று கேட்டால் மீல் மேக்கர் பாக்கெட்டைத்தான் நீட்டுகிறார்கள். அது எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் மாவில் செய்வது, பாலுக்கு ஆகாது. நாலு கடை ஏறி இறங்கி முழுச் சோயா பயறு வாங்கி வந்தேன். முதல் தடவை இட்லிக்கு அரைப்பது போலப் பச்சைத் தண்ணீர் விட்டு அரைத்தேன். வீடு முழுக்கப் பச்சை மொச்சை வாடை. அப்பாயி ஒரு வாய் குடித்துவிட்டு, "பயறு கழுவின தண்ணியப் போய் பால்ங்கிறியே" என்றார்கள். பயறு உடைந்து தண்ணீரில் படும்போது அதில் இருக்கும் ஒரு நொதி வேலை செய்வதால்தான் அந்த வாடையாம். நல்ல சூடு பட்டால் அந்த நொதி செத்துவிடும். அதனால் இப்போது சுடுதண்ணீரில்தான் எல்லாம்.

நீயும் இப்படியே செய். ஒரு டம்ளர் பயறை ராத்திரி ஊற வை. காலையில் கையால் தேய்த்துத் தோலைக் களைந்துவிட்டு, கொதிக்கிற தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு எடு. சுடுதண்ணீர் விட்டே அரை. மிக்ஸி மூடியைத் துணி போட்டு அழுத்திப் பிடித்துக்கொள், இல்லாவிட்டால் ஆவி மூடியைத் தள்ளிவிடும். மொத்தம் ஆறு டம்ளர் தண்ணீர் வரை விடலாம். மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டிப் பிழிந்து, அடி கனமான பாத்திரத்தில் காய்ச்சு. இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். கொதி வருவதற்கு முன்பே நுரை திடீரென்று பொங்கும். மாட்டுப்பாலில் பழகிய கை, காய்ந்துவிட்டது என்று உடனே அடுப்பை அணைக்கப் பார்க்கும். அணைக்காதே. தீயைக் குறைத்து, கிளறிக்கொண்டே, நிஜமாகக் கொதித்த பிறகு இன்னும் கால் மணி நேரம் காய்ச்சு. பச்சைச் சோயாவில் புரதம் செரிப்பதைத் தடுக்கிற பொருள் ஒன்று இருக்கிறது. சரியாக வேகாவிட்டால் அதுவே வயிற்றைப் புரட்டும், அப்புறம் சோயாவும் ஒத்துக்கொள்ளவில்லை என்று நீ விட்டுவிடுவாய். காய்ச்சியது ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். சக்கையைக் கொட்டிவிடாதே, அடை மாவில் கலந்தால் மொறுமொறுவென்று வருகிறது. நான் வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு வடையும் தட்டினேன், அப்பாயியே நாலு சாப்பிட்டார்கள்.

காபிதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. நீ காபி இல்லாமல் எழுந்திருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியாதா? டிகாஷனில் சோயா பாலை ஊற்றினால் திரிந்து, மேலே பூவாக மிதந்தது. காபியில் இருக்கும் புளிப்பும் சூடும் சேர்ந்து சோயாவின் புரதத்தைத் திரித்துவிடுகின்றன. எலுமிச்சை விட்டு டோஃபு என்ற சோயா பனீர் எடுப்பதும் இதே வேலைதான். பல நாள் மாற்றி மாற்றிப் பார்த்தேன். சூடான சோயா பாலை முதலில் டம்ளரில் எடுத்துக்கொண்டு, அப்போதுதான் இறங்கிய டிகாஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் திரிவதில்லை. முந்தின நாள் டிகாஷன் வேண்டாம். கொட்டையும் நன்றாகக் கறுக வறுத்ததாக இருக்கட்டும், அதில் புளிப்புக் குறைவு. அப்பா இரண்டு நாள் ஒன்றும் சொல்லாமல் குடித்தார். மூன்றாம் நாள், "பாப்பா வரும்போது இன்னும் கெட்டியா இறக்கு" என்றார். அப்போதுதான் எனக்கு நிம்மதி வந்தது.

காலையில் உனக்கு நேரம் இருக்காது, பெட்டியில் வருவதையும் வாங்கிக்கொள். பால் என்ற சொல்லை விலங்கின் பாலுக்குத்தான் போட வேண்டும் என்று விதி இருப்பதால் பெட்டியில் சோயா பானம் என்று எழுதியிருக்கும், தேடிக் குழம்பாதே. சர்க்கரை சேர்க்காததாகவும், கால்சியமும் பி12 வைட்டமினும் சேர்த்ததாகவும் பார்த்து எடு. சேர்த்த கால்சியம் அடியில் தங்கிவிடும், நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்று. வீட்டில் செய்வதில் புரதம் உண்டு, ஆனால் கால்சியம் மாட்டுப்பாலில் இருப்பதில் கால் பங்குகூட வராது, பி12 சுத்தமாக இல்லை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார்கள். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் போல இருக்கிறது. வாரத்தில் நாலு நாளாவது கேழ்வரகுக் கூழோ தோசையோ சாப்பிடு. எள்ளுப் பொடி அனுப்பியிருக்கிறேன், இட்லிக்கு அதையே தொட்டுக்கொள். பி12-க்கு ரத்தப் பரிசோதனை ஒரு தடவை செய்துகொள், இதைத் தள்ளிப் போடாதே.

எனக்குத் தைராய்டு மாத்திரை இருப்பதால் நான் காலையில் சோயா குடிப்பதில்லை. மாத்திரைக்கும் சோயாவுக்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டுமாம். சாயந்தரம் மட்டும் குடிக்கிறேன். உன் அண்ணி ஏழு மாதக் குழந்தைக்கும் இதைக் கொடுக்கலாமா என்று கேட்டாள். கூடவே கூடாது, ஒரு வயதுக்குள் பால் என்றால் தாய்ப்பாலும் டாக்டர் சொல்லும் பால் மாவும்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். உன் ஆபீஸில் யாராவது கேட்டாலும் இதைச் சொல்.

பொங்கலுக்கு நீ வந்துவிடுவாய் என்று அப்பாயி இப்போதே நாள் எண்ணுகிறார்கள். பெரிய பானையில் வழக்கம் போலப் பால் பொங்க வேண்டும், அதை மாற்ற எனக்கு மனசு வரவில்லை. உனக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வெண்கலப் பானை வைக்கிறேன். அதில் தேங்காய்ப்பால். வெல்லத்தோடு கொதிக்கவிட்டால் சோயா திரிந்துவிடுகிறது, செய்து பார்த்துவிட்டேன். இரண்டும் ஒன்றாகவே பொங்கும், நீ வழக்கம் போல முதல் ஆளாகக் குரல் கொடு.

வரும்போது ஒன்று செய், பாப்பா. இந்தூரைச் சுற்றியுள்ள மாளவத்து மண்ணெல்லாம் சோயாதான் விளைகிறது என்றாயே, ஐப்பசியில் அறுத்த புதுப் பயறு அங்கே வந்திருக்கும். இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு வா. இங்கே கிடைப்பது பழசு, ராத்திரி முழுக்க ஊறினாலும் கைக்குக் கை நாலைந்து பயறு கல் மாதிரி கிடக்கிறது.

டிக்கெட் போட்டதும் எந்த ரயில் என்று அப்பாவிடம் சொல். ஸ்டேஷனுக்கு வரும்போது ஃபிளாஸ்க்கில் காபி கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அம்மா