கயலுக்கு, நம் வீட்டு கேட்டைப் பற்றி

கயலு கண்ணுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில், எலிகளைத் தொற்றும் வைரஸ்களைப் பற்றிய உன் லேப் வேலையைச் சொல்லிக்கொண்டிருந்தாயே, அப்போது நான் ஒரு கேள்வி கேட்டேன். வைரஸ் செல்லின் மேலிருக்கும் ஒரு புரதத்தை, அதாவது அந்த ரிசெப்டரைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது என்றால், எலி அந்த ரிசெப்டரையே தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதானே என்று. நீ பதில் சொல்ல ஆரம்பித்ததும் லைன் கட்டாகிவிட்டது, அப்புறம் உனக்கு லேபுக்கு நேரமாகிவிட்டது. ஒரு வாரமாக எனக்கு அதே நினைப்பு, நானே தேடித் தேடிப் படித்தேன். தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்து.

தூக்கிப் போட முடியாது, ஏனென்றால் அது வைரஸுக்காக வைத்த வாசல் இல்லை. நீ சொன்ன எக்ஸ்பிஆர்1 செல்லில் சேரும் பாஸ்பேட்டை வெளியே அனுப்புகிற புரதம். டிரான்ஸ்ஃபெரின் ரிசெப்டர் இரும்பை உள்ளே கொண்டுவருகிறது, அது இல்லாத எலிக்குட்டி வயிற்றிலேயே செத்துப்போகிறது. இப்படி செல்லால் கைவிடவே முடியாத ஒன்றைத்தான் வைரஸ் பிடித்துக்கொள்கிறது.

படிக்கும்போது நம் மந்தைவெளி வீட்டு கேட்தான் கண்முன் வந்தது. நீ ஏழாவது படிக்கும்போது, பால்காரர் பாக்கெட் போடுகிற சந்து வழியாக எவனோ கையை விட்டு உள் தாழ்ப்பாளைத் திறந்து உன் சைக்கிளை ஓட்டிக்கொண்டு போய்விட்டான், நீ ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா அந்தச் சந்தை அடைக்கவில்லை, அடைத்தால் காலையில் பால் எப்படி வரும்? வெல்டிங் கடை ஆளைக் கூட்டிவந்து, சந்துக்கும் தாழ்ப்பாளுக்கும் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு பற்றவைத்தார். பால் பாக்கெட் பழையபடி விழுந்தது, கை மட்டும் தாழ்ப்பாளை எட்டவில்லை. அந்தத் தகடு இன்னும் இருக்கிறது, ஓரமெல்லாம் துரு.

எலிகளும் இதைத்தான் செய்திருக்கின்றன. நீ சொன்ன ஸீனோட்ரோபிக் வைரஸ், அதாவது வேற்று இனத்தின் செல்லைத் தேடிப்போகிற வைரஸ், அதன் மரபணு லேப் எலியின் குரோமோசோமுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, மனித செல்லுக்குள் கூட நுழைகிறது, ஆனால் வெளியிலிருந்து அதே எலியின் செல்லுக்குள் போக முடியவில்லை. அது பிடிக்கும் வாசல் அந்த எக்ஸ்பிஆர்1தான்; கிட்டத்தட்ட 700 அமினோ அமிலம் கோத்த அந்தப் புரதத்தில் இரண்டே இடம் மாறியிருக்கிறது: 500ஆவது இடத்தில் லைசின் போய் குளூட்டமிக் அமிலம் வந்திருக்கிறது, 582ஆவது இடத்தில் இருந்த திரியோனினைக் காணோம். இந்த இரண்டில் எந்த ஒன்றைப் பழையபடி வைத்தாலும் கதவு திறந்துவிடுகிறது! இதைப் படித்ததும் எழுந்துபோய் அப்பாவை எழுப்பிச் சொன்னேன்.

இன்னொன்று என்னைத் தூங்கவிடவில்லை. எலிகளுக்கு மார்புப் புற்று கொடுக்கிற வைரஸ் தாய்ப்பால் வழியாகவே குட்டிக்குப் போகிறது, 1936லேயே ஜான் பிட்னர் இதைக் காட்டியிருக்கிறார். அது செல்லுக்குள் நுழையப் பிடிப்பதும் அந்த இரும்பு ரிசெப்டரைத்தான். பால் கொடுக்காமலும் இருக்க முடியாது, இரும்பு எடுக்காமலும் இருக்க முடியாது. அதனால் எலி இனங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், வைரஸ் தொடும் இடத்தில் அமினோ அமிலங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன, இரும்பைப் பிடிக்கும் இடம் அப்படியே நிற்கிறது. அதற்குள் எத்தனை தாயும் குட்டியும் போயிருக்கும்.

பெரியத்தை வந்திருந்தாள். எலிக்கு வருகிற வைரஸால் நமக்கென்ன என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்தியாவில் எச்ஐவி முதலில் தெரியவந்ததே 1986ல் நம் சென்னையில்தானே, செல்லப்பன் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளில், சுனிதி சாலமனின் வழிகாட்டலில். நான் அப்போது லேப் டெக்னீஷியன் படிப்பில் இருந்தேன். ஊசியைத் தொடவே எங்களுக்குக் கை நடுங்கியது. எச்ஐவியும் இந்த எலி வைரஸ்களைப் போல, தன் மரபணுவை செல்லின் மரபணுவுக்குள் செருகிவிடும் ரெட்ரோவைரஸ்தான், அதற்கும் நம் வெள்ளணுக்களின் மேலிருக்கும் சிடி4, சிசிஆர்5 என்ற ரிசெப்டர்கள் பிடிக்க வேண்டும். சிசிஆர்5 மரபணுவில் 32 எழுத்து விடுபட்டுப்போய், அப்படி அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டும் வந்தவர்களுக்கு அந்த வைரஸ் அநேகமாக ஒட்டுவதில்லை. வட ஐரோப்பாவில் சுமார் ஐந்து பேரில் ஒருவருக்கு ஒரு பிரதியாவது இருக்கும், நம் பக்கம் மிக அபூர்வம். அந்த மாற்றம் எச்ஐவிக்கு எத்தனையோ காலம் முந்தியது, எதனால் பரவியதோ, இதற்கும் உதவியிருக்கிறது. எலிக்கு மாறிக்கொள்ளக் காலம் இருந்தது, நமக்கு அவ்வளவு காலம் கிடையாது. அதனால் 2007ல் மாரவிராக் என்ற மாத்திரை வந்தது, அதே சிசிஆர்5இல் போய் உட்கார்ந்து வைரஸைப் பிடிக்கவிடாமல் செய்கிறது. அப்பா வைத்த தகடுதான் அது, மாத்திரையாக. இதையெல்லாம் அத்தையிடம் மூச்சுவிடாமல் சொன்னேன், காபி ஆறிப்போயிற்று.

சரி, இப்போது என் கேள்வி. லேப் எலி அத்தனை பாடுபட்டு மாற்றிவைத்த அதே எக்ஸ்பிஆர்1 வழியாகவே பாலிட்ரோபிக் வைரஸ், அதாவது எலியையும் வேற்று இனங்களையும் தொற்றுகிற அதன் உறவுக்கார வைரஸ், நுழைந்துவிடுகிறதே, அப்படியானால் அது வேறு எந்த இடத்தைப் பிடிக்கிறது? ஞாயிற்றுக்கிழமை இதிலிருந்து ஆரம்பி. லைன் கட்டானால் நானே திரும்பக் கூப்பிடுகிறேன்.

அம்மா