கொதிக்க வைத்தும் அழியாத நச்சு: பயிற்சிக் கையேடு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

பெருஞ்சமையலறைப் பணியாளர்களுக்கான உணவுப் பாதுகாப்புக் கையேடுகளில், "மீந்த உணவை நன்கு கொதிக்க வைத்துப் பரிமாறவும்" என்னும் வரி தவறாமல் இடம்பெறுகிறது. அந்த வரியில் பிழையில்லை. ஆனால் அது தனித்து நிற்கும்போது, அடுப்பு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்ற நம்பிக்கையை வளர்த்துவிடுகிறது.

கொதிநிலை பாக்டீரியாவைக் கொல்லும்; ஆனால் பாக்டீரியா உணவில் முன்பே சுரந்துவிட்ட நச்சு எல்லாவற்றையும் அழித்துவிடாது. மனிதரின் மூக்கிலும் தோலிலும் வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா, கைவழியே உணவில் சேர்ந்து, வெதுவெதுப்பில் பெருகி வெளியிடும் புரத நச்சு, 100 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் கொதித்த பின்னும் எஞ்சியிருக்கக்கூடியது. வாந்தி உண்டாக அதில் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான அளவே போதும். பேசில்லஸ் சீரியஸ் என்னும் இன்னொரு பாக்டீரியா, மாவுச்சத்து மிகுந்த உணவுகளில் உருவாக்கும் செரியூலைடு என்ற நச்சோ 121 டிகிரியில் 90 நிமிடங்களையும் தாங்கும்; மருத்துவக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் வெப்பத்துக்கே அசையாததை அடுப்பு என்ன செய்துவிடும்? இந்நச்சுகளால் உணவின் மணமோ சுவையோ மாறுவதில்லை. மீண்டும் சூடாக்கிய உணவை ஆய்வகத்தில், கிருமியை வளர்த்துக் கண்டறியும் வளர்ப்புச் சோதனைக்கு உட்படுத்தினால் உயிருள்ள கிருமி கிடைக்காமலும் போகலாம் என்பதால், குற்றமற்றதென்று தீர்ப்புப் பெற்ற உணவே நோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும்.

காற்றுப் புகாமல் அடைத்த உணவில் உருவாகக்கூடிய பொட்டுலினம் என்னும் கொடிய நச்சின் கதை நேர்மாறானது: 85 டிகிரியில் ஐந்து நிமிடங்களில் அது செயலிழக்கும், ஆனால் அதை உருவாக்கும் கிருமியின் வித்துகள் (கடினமான உறைக்குள் உறங்கும் அதன் வடிவங்கள்) கொதிநீரிலும் பிழைத்து, காற்றுப் புகாத கலனுக்குள் மீண்டும் முளைக்கும். ஆகவே எல்லா நச்சுக்கும் ஒரே விதி என்பது அறிவியலுக்குப் பொருந்தாது.

எனவே மீண்டும் சூடாக்கும் விதிக்கு முன்னால் ஆறவைக்கும் விதியை வையுங்கள் என்று வேண்டுகிறேன். சமைத்த உணவு 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்திலும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நான்கு மணி நேரத்திலும் இறங்க வேண்டும். ஆழமான அண்டாவின் நடுப்பகுதி அவ்வளவு விரைவாக ஆறாது என்பதால், அகன்ற, ஆழமற்ற பாத்திரங்களில் பிரித்து வைக்கவும், வெப்பமானியால் அளந்து நேரத்தோடு பதிவு செய்யவும் சொல்லிக்கொடுங்கள். கையில் சீழ்ப்புண் உள்ளவரைச் சமைத்த உணவைத் தொடும் வேலையிலிருந்து விலக்கி வைப்பதையும் கட்டாயமாக்குங்கள்.

எவ்வளவு நேரம் வெளியில் இருந்தது என்று தெரியாத உணவைக் கொட்டிவிடும் அதிகாரம் கடைநிலைப் பணியாளருக்கும் உண்டு என்றும், அதனால் நேரும் இழப்பு அவர் கூலியில் பிடிக்கப்படாது என்றும் கையேட்டின் முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். அந்த உறுதி இல்லாத இடத்தில் அவர் அடுப்பைத்தான் பற்றவைப்பார்.

இப்படிக்கு,
உணவு நுண்ணுயிரியல் கற்பிக்கும் ஒருவர்