சைக்கிள் எப்படிச் சுற்றியது என்று கேட்டவருக்கு

என் அகதி விண்ணப்பத்தின் முடிவு வந்துவிட்டது. உங்களில் பாதிப்பேருக்கு அது எனக்கு முன்னமே தெரிந்திருக்கும். கிளாஸ்கோத் தமிழர் மத்தியில் ஒரு செய்தி தபால்காரரை விட வேகமாகப் போகும். இத்தனை வருடமும் என்ன நடந்தது என்று திரும்ப எழுதப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். எனக்கும் அதை இன்னொரு தடவை ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்திச் சொல்லத் தெம்பில்லை. நன்றி சொல்ல மட்டும் இந்த மடல். கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எல்லாருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. என் கோப்பைத் தன் வீட்டுப் பிள்ளையின் பள்ளிக்கூடப் பை மாதிரிக் காவித் திரிந்த சட்டத்தரணிக்கு. கல்லூரியில் ஆங்கிலம் படிப்பித்த ஆசிரியைக்கு. குளிர்கால அங்கி தந்த தேவாலயத்துக்காரர்களுக்கு. வாடகைக்கு அறை இல்லாமல் இந்த நகரமே வீட்டு நெருக்கடியை அறிவித்திருந்த நேரத்தில் தன் முன்னறையைத் தந்த அண்ணைக்கு. அந்த அறையில் நான் தின்று தீர்த்த சோற்றுக்காக அக்காவுக்கு. மேல்மாடிச் சூடான் குடும்பத்துக்கு. பேரைச் சொல்லாமல் பஸ் காசு வைத்துவிட்டுப் போனவருக்கு. யாரென்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். இவர்களில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மடல் எழுத வேண்டும், எழுதுவேன். ஆனால் இன்றைக்கு இடம் முழுவதும் இன்னொருவருக்கு. அவரை நான் ஒரேயொரு தடவைதான் பார்த்தேன்.

ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றத்தில் அரசியலமைப்பு, ஐரோப்பா, வெளிவிவகாரம், பண்பாடு என்று நாலையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிய ஒரு குழு இருக்கிறது. 2017இல் நடைமுறைக்கு வந்த பி.பி.சி. சாசனப்படி அதன் ஆண்டறிக்கை அந்தப் பாராளுமன்றத்துக்கும் போகவேண்டும், கூப்பிட்டால் பெரியவர்கள் வந்து பதில் சொல்லவேண்டும். ஸ்கொட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் 2008இல் தொடங்கிய தொலைக்காட்சி பி.பி.சி. அல்பாவுக்குக் காசு போதுமா என்று கேட்பதும் இந்தக் குழுதான், உக்ரைனிலிருந்து வந்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டதும் இந்தக் குழுதான்.

வேடிக்கை என்னவென்றால், ஒலிபரப்பும் சரி, அகதி விண்ணப்பமும் சரி, 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி லண்டனின் கையில் இருப்பவை. எடின்பரோவால் எனக்கு ஒரு விசா தரமுடியாது. அல்பாவுக்கு ஸ்கொட்லாந்து அரசின் காசு போகிறதுதான், ஆனால் பி.பி.சி.க்கு இதைச் செய் என்று கட்டளை போடவும் முடியாது. அப்படியிருக்க, அந்தக் குழு கூப்பிட்டது என்று அங்கே ஏன் போகிறாய் என்று அண்ணை கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ரயில் டிக்கெட்டை அவர்களே முன்கூட்டி அனுப்பியிருந்தார்கள். வாரத்துக்கு 49 பவுண் சொச்சத்தில் இருந்த எனக்கு அதுவே காரணமாகப் போதும். எடின்பரோவை நான் அதுவரை பார்த்ததில்லை.

கமெரா இல்லாத, பெயர் எழுதாத ஒரு சின்னச் சந்திப்பு. எங்களைப்போல நாலைந்து பேர், இரண்டு மூன்று உறுப்பினர்கள், மூலையில் கொப்பியோடு ஒரு பெண். வீட்டைப் பற்றியும் வேலை செய்ய அனுமதி இல்லாததைப் பற்றியும் சொல்ல நான் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தேன். அவர்கள் கேட்டதோ, சொந்த மொழியில் வானொலி, தொலைக்காட்சி இருப்பது உங்களுக்கு முக்கியமா என்று. பாடமாக்கினது எல்லாம் பறந்துவிட்டது. வாய் தானாகத் தமிழோசை என்றது, பி.பி.சி.யின் தமிழ் வானொலி. யாழ்ப்பாணம், இருட்டு, பி.பி.சி., சைக்கிள் என்று ஏதோ சொன்னேன். நேரம் முடிந்தது. தேத்தண்ணி தந்தார்கள், வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரண்டு கிழமை கழித்து, சந்திப்பின் குறிப்பு வெளியாகுமுன் சரிபார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். நான் சொன்னதற்கு ஒரு வரி இருந்தது: தாய்மொழி ஒலிபரப்பு மனநலத்துக்கு நல்லது என்று ஒரு பங்கேற்பாளர் கருதினார். நான் அப்படிச் சொன்னதாக ஞாபகம் இல்லை, ஆனாலும் பிழை என்று சொல்லவும் ஒன்றுமில்லை. சரி என்று பதில் போட்டேன்.

அடுத்த நாள் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு. தெரியாத இலக்கம் என்றால் எங்கள் வயிறு என்ன பாடுபடும் என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. மூலையில் இருந்த அந்தப் பெண்தான். அந்த வரியைத் தான்தான் எழுதியதாகவும், எழுதியது தனக்கே பிடிக்கவில்லை என்றும் சொன்னார். கொப்பியில் சைக்கிள் என்று எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறாராம். பிறகு கேட்டார்: "மின்சாரம் இல்லை என்றீர்கள். அப்படியென்றால் வானொலி எப்படிக் கேட்டீர்கள்?"

நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

இதே கேள்வியை முன்பு வேறோர் அறையில், அகதி விண்ணப்ப விசாரணையில், என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சொல்லுக்குச் சொல் இதே கேள்வி. அன்றைக்கு, சைக்கிளில் என்றேன். தட்டச்சு செய்துகொண்டார்கள், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். பிறகு வந்த கடதாசியில் அது முரண்பாடு என்று இருந்தது: முதலில் மின்சாரம் இல்லை என்கிறார், பின்னர் வானொலியில் செய்தி கேட்டதாகச் சொல்கிறார். அதே கடதாசியில், இயக்கத்துப் பெடியளோடு நான் "கதைத்தேன்" என்றது, அவர்களுக்குக் "கதை சொன்னேன்" என்று ஆகியிருந்தது. மொழிபெயர்த்தவர் தமிழ்நாட்டுக்காரர், அவரில் பிழையில்லை. அங்கே கதை என்றால் கதைதான். ஆனால் என் வாழ்க்கை அந்த இரண்டு வரிகளால் எவ்வளவு காலம் நின்றது என்று உங்களுக்குத் தெரியும்.

ஆகவே நான் பேசாமல் இருந்தேன். தொலைபேசியில் அந்தப் பெண்ணும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் உங்களைச் சோதிக்கவில்லை. எனக்கு விளங்கவில்லை. பென்சில் வைத்திருக்கிறேன், நீங்கள் சொல்லச் சொல்லக் கீறுகிறேன்" என்றார்.

சொன்னேன். 1990க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரி தடை செய்யப்பட்ட சாமான். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, இருக்கையும் கைபிடியும் நிலத்தில் படும்படி வைக்கவேண்டும். மிதியைக் கையால் சுற்றினால் பின் சக்கரம் சுழலும். சக்கரத்தோடு உரசிக்கொண்டு டைனமோ, விளக்குக்காகப் பூட்டுவது, ஆறு வோல்ட். அதிலிருந்து வயர் வானொலிக்கு. "அப்படியே கொடுக்கலாமா?" என்றார். இல்லை, டைனமோ தருவது மாறுதிசை மின்னோட்டம், வானொலிக்கு வேண்டியது நேர்மின்னோட்டம். வானொலி திருத்துகிற அயல்வீட்டு அண்ணை பழைய பெட்டிகளிலிருந்து டயோட் கழற்றி இடையில் ஒட்டித் தந்தார். "டைனமோ எந்தப் பக்கம், இடமா வலமா?" என்றார். இடம். "சக்கரத்தின் மேலேயா கீழேயா?" சைக்கிள் கவிழ்ந்து கிடப்பதால் இதற்கு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் குழம்பினோம். அவர் தாளைத் திருப்பிப் பிடித்துப் பார்த்ததாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வருடத்தில் தொலைபேசியில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"யார் சுற்றினார்?" அம்மா. "ஏன் அம்மா?"

இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானே என்னைக் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தேன். பெடியள் சுற்றினால் வேகம் ஏறி இறங்கும், குரலும் கூடிக் குறையும். அம்மாவின் கைக்குத்தான் ஒரே சீர். இரவு ஒன்பதேகாலுக்குத் தமிழோசை தொடங்கும்போது முற்றத்தில் அயலெல்லாம் கூடியிருக்கும். அப்பா பெட்டியில் காதை வைத்திருப்பார். முக்கியமான செய்தி வரும் இடத்தில்தான் பார்த்து அம்மாவின் கை களைக்கும். குரல் கிணற்றுக்குள் இறங்குவதுபோல இறங்கும். "சுத்து, சுத்து" என்று எல்லாரும் கத்துவார்கள். எந்த ஊரில் குண்டு விழுந்தது என்று முழுதாகக் கேட்டு முடிக்கும்வரை அம்மா நிறுத்தமாட்டார். செய்தி முடிந்ததும் ஆண்கள் அரசியல் கதைப்பார்கள். அம்மா உள்ளே போய்விடுவார். சுற்றுகிற சத்தத்தில் அவருக்குச் செய்தி சரியாகக் கேட்டிருக்காது என்பது அந்தத் தொலைபேசியில்தான் எனக்கு உறைத்தது.

நாற்பது நிமிடம் கதைத்தோம். தமிழோசை என்பதை எப்படி எழுதுவது என்று கேட்டு, ழ-வை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். வரவில்லை. தாத்தா லூயிஸ் தீவுக்காரர், கேலிக் பேசுவார், தனக்கு அது வராது என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

வெளியான குறிப்பில் அந்த ஒரு வரி போய், நாலு வரி வந்திருந்தது. கவிழ்த்த சைக்கிள் இருந்தது. டைனமோ இருந்தது. ஒரே சீராகச் சுற்றியவர் பங்கேற்பாளரின் தாய் என்றும் இருந்தது. பெயர் இல்லை, ஊர் இல்லை, அப்படித்தான் விதி.

இதனால்தான் எனக்கு அனுமதி கிடைத்தது என்று யாரும் கதை கட்டவேண்டாம். கிடைத்தது சட்டத்தரணியின் உழைப்பால். ஆனால் மேன்முறையீட்டில் அதே கேள்வி மூன்றாவது தடவையாக வந்தபோது நான் கதிரையைப் பிடிக்கவில்லை. "சைக்கிளைக் கவிழ்த்து வைப்போம். டைனமோ இடது பக்கம்" என்று தொடங்கினேன். ஒருதடவை நிம்மதியாகச் சொல்லிப் பார்த்திருந்ததால் வாய்க்கு வழி தெரிந்திருந்தது.

ஒரே கேள்வி ஏன் ஓரிடத்தில் கழுத்தைப் பிடித்தது, இன்னோரிடத்தில் சிரிக்கவைத்தது என்று நிறைய யோசித்தேன். பென்சில்தான் காரணம் என்று படுகிறது. பிழை பிடிக்கிறவருக்கு டைனமோ இடமா வலமா என்பது தேவையில்லை. கீறுகிறவருக்கு அது தெரியாமல் அடுத்த கோடு போகாது. விசா தரவோ கட்டளை போடவோ அதிகாரம் இல்லாத ஒரு குழுவில் கொப்பியோடு இருந்தவருக்கு அந்த நாற்பது நிமிடம் எங்கிருந்து கிடைத்தது என்பதுதான் எனக்கு இன்னும் விளங்காத விஷயம்.

தமிழோசை வானொலி 1941இல் தொடங்கி 2017 ஏப்ரல் 30ஆம் திகதி நின்றது. கேலிக் பேசத் தெரிந்தவர்கள் இங்கே ஏறக்குறைய எழுபதாயிரம் பேர்தான். அவர்களுக்காக ஒரு தொலைக்காட்சியை விடாமல் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார்கள். பொறாமையாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன். பி.பி.சி.க்காரர் அடுத்த தடவை அந்தக் குழுவுக்கு முன் வரும்போது பார்வையாளர் வரிசையில் போய் இருக்கப்போகிறேன். இந்த முறை டிக்கெட் என் காசில்.

இன்னொன்றும் முடிவு செய்திருக்கிறேன். மொழிபெயர்ப்பாளர் படிப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். கதைத்தல், பேந்து, இயக்கம், பங்கர் என்று எங்கள் சொற்களை ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். உங்களுக்கு நினைவுக்கு வருவதையும் சொல்லுங்கள், முக்கியமாக வன்னிச் சொற்கள். புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கு அந்த அறைக்குள் ஒருவர் "கதை"யை விளங்கிக்கொள்ளட்டும்.

முடிவு வந்த அன்றிரவு அம்மாவை அழைத்தேன். விசா கதை முடிந்து, அழுது முடிந்து, மூக்கைச் சிந்திய பிறகு அந்தக் குறிப்பை வாசித்துத் தமிழில் சொன்னேன். ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றக் குறிப்பில் நீங்கள் சைக்கிள் சுற்றியது இருக்கிறது அம்மா என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"தம்பி, தோள்மூட்டு நொந்தது எழுதினவையோ?"

இல்லையம்மா என்றேன்.

"சரி" என்றார். ஆனால் அந்தச் சரி எனக்குத் தெரிந்த சரி.

அம்மா, இங்கே எழுதிவிட்டேன். தோள்மூட்டு நொந்தது. வலது தோள்.