அலமாரியில் இல்லாத தோட்டாக்கள்

மொண்டானா,
அக்டோபர் மாதம்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். இங்கே ரைஃபிள் வேட்டைப் பருவம் அக்டோபர் கடைசியில் தொடங்கி ஐந்து வாரம் நடக்கும். இடுப்புக்கு மேலே குறைந்தது 400 சதுர அங்குலம் ஆரஞ்சு நிறம் வெளியே தெரிய உடுத்த வேண்டும் என்பது சட்டம். 1985க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு வேட்டைப் பயிற்சிச் சான்று இல்லாமல் உரிமம் கிடையாது.

.30-06, .308 போன்ற பிரபலமான ரைஃபிள் தோட்டாக்கள் எல்லாம் எங்கும் கிடைக்கும்போது, சிலர் ஏன் பேர் தெரியாத தோட்டாவைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். மானுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். .270 வின்செஸ்டர் 150 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் சிறிய அளவு) குண்டை வினாடிக்கு 2850 அடி வேகத்தில் தள்ளும். 1957இல் வந்த .280 ரெமிங்டன் அதே எடையை 2890 அடியில் தள்ளும். அந்த 40 அடி, ஒரே பெட்டியில் உள்ள தோட்டாக்களுக்கு இடையே வரும் ஏற்ற இறக்கத்திலேயே கரைந்துபோகும். .270 அதற்கு 32 ஆண்டுகள் முன்பே வந்து இடத்தைப் பிடித்துவிட்டது, அவ்வளவுதான். .280க்கு 1979இல் '7 எம்எம் எக்ஸ்பிரஸ்' என்று பெயர் மாற்றிப் பார்த்தார்கள். 7 எம்எம் மேக்னம் என்ற வேறொரு தோட்டாவோடு ஜனங்கள் குழப்பிக்கொள்ளவே, பழைய பெயருக்கே திரும்பிவிட்டார்கள்.

ஆக ருசி வேகத்தில் இல்லை, கைவேலையில் இருக்கிறது. .35 வீலனை எடுத்துக்கொள்ளுங்கள். .30-06 கூட்டின், அதாவது மருந்தையும் குண்டையும் தாங்கும் பித்தளை உறையின், கழுத்தை .358 அங்குலக் குண்டு நுழையும் அளவுக்கு விரித்தால் அது தயார். 1922இலிருந்து துப்பாக்கித் தச்சர்கள் செய்துவந்த இதை, 1988இல்தான் ஒரு தொழிற்சாலை முறையாக எடுத்துக்கொண்டது. 250 கிரெயின் குண்டு, சுமார் 2400 அடி வேகம். எல்க் போன்ற கனத்த விலங்குக்கு, அடர்ந்த மரங்களுக்கிடையே கிட்டத்திலிருந்து சுட, இது எனக்குப் பிடித்த சேர்க்கை.

கூட்டைச் செய்வது கஷ்டமில்லை, அவசரம்தான் ஆகாது. கழுத்தின் உட்புறத்தில் மட்டும் துளி மசகு தடவி, கூம்பு வடிவ விரிப்பானை ஒரே சீராக இறக்க வேண்டும். மசகு வெளியே வழிந்தால் டைக்குள் (கூட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு) சிக்கி, கழுத்துக்குக் கீழே சரியும் தோளில் பள்ளம் விழும். பலமுறை சுட்ட பித்தளை இறுகியிருக்கும், விரிக்கும்போது கழுத்து நீளவாக்கில் கீறிவிடும். புதுக்கூடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கழுத்தை மட்டும் சூடாக்கிப் பதம் தளர்த்த வேண்டும். அடிப்பாகத்தில் சூடு ஏறினால் அந்தக் கூட்டைத் தூக்கி எறிந்துவிடுங்கள், அழுத்தத்தைத் தாங்க வேண்டிய பகுதி அது. வெடிமருந்தின் அளவை அச்சான கையேட்டின் கீழளவிலிருந்து தொடங்குவதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அப்படிச் செய்த கூட்டின் அடியில் '30-06' என்ற முத்திரைதான் இருக்கும். மாறிப்போய் உண்மையான .30-06 தோட்டா, வீலன் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறைக்குள் போனால், தோளின் இடம் ஒன்றே என்பதால் நுழைந்துவிடும். சுட்டால் .308 குண்டு .358 குழலில் தத்தளித்துப் போகும், கழுத்து வெடிக்கும். தனிப் பெட்டி, மேலே பெரிய எழுத்து, மேசையில் ஒரு நேரத்தில் ஒரே வகை: இதில் மட்டும் சோம்பல் கூடாது.

கழுத்தைச் சுருக்கும்போது சங்கடம் நேர்மாறு. 7x57 கூட்டைச் சுருக்கி .257 ராபர்ட்ஸ் ஆக்கினால் பித்தளை உள்ளே நெருங்கிக் கழுத்து தடிக்கும். அறைச் சுவரில் அது அடைத்துக்கொண்டால் குண்டை விடாது, அழுத்தம் எகிறும். குண்டு பொருத்திய கழுத்தை அளந்து பாருங்கள். அறையைவிட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்காவது சிறியதாக இருக்க வேண்டும்.

பழைய துப்பாக்கி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது குழலின் முறுக்கில், அதாவது குண்டைச் சுழலவைக்க உள்ளே வெட்டிய சுருள் பள்ளத்தில். 1955இல் ரெமிங்டன் .244ஐ 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்கோடு விட்டது. அதே ஆண்டு வந்த .243 வின்செஸ்டருக்கு 10 அங்குலம். மெதுவான முறுக்கில் 100 கிரெயின் நீளக் குண்டு நிலையாகச் சுழலும் என்று நம்ப முடியாது. மானுக்கும் சிறு விலங்குக்கும் ஒரே துப்பாக்கி தேடியவர்கள் .243 பக்கம் போய்விட்டார்கள். 1963இல் முறுக்கை 9 அங்குலமாக்கி, '6 எம்எம் ரெமிங்டன்' என்று பெயரும் மாற்றினார்கள். கூடு அதேதான், காலம்தான் கடந்துவிட்டது. 1915இன் .250 சாவேஜும் அப்படியே: 87 கிரெயின் குண்டை 3000 அடிக்கு ஏற்றத் திட்டமிட்டதால் 14 அங்குல முறுக்கு. பல பழைய குழல்களில் 100 கிரெயின் குண்டு தாளில் வட்ட ஓட்டை போடாமல் சாவித்துவாரம் போலக் கிழிக்கும். வாங்குமுன் துடைப்புக் கம்பியில் இறுக்கமான துணி சுற்றி உள்ளே தள்ளி, கம்பி ஒரு சுற்று திரும்ப எத்தனை அங்குலம் நகர்கிறது என்று பார்த்தால் போதும்.

வாங்குவதிலும் பழக்கம் மாறும். இந்தத் தோட்டாக்களை ஆண்டு முழுவதும் செய்யமாட்டார்கள், வரும்போது வரும். ஒரே தொகுதி எண்ணில் 100 கூடுகள் எடுத்து வைத்தால் பல பருவங்களுக்கு ஓடும். விமானத்தில் போனால் பெரும்பாலான நிறுவனங்கள் 5 கிலோ தோட்டாதான் அனுமதிக்கும். பெட்டி தொலைந்தால் .30-06காரர் போகிற வழியில் ஒரு கடையில் வாங்கிக்கொள்வார். .257காரர் முகாமில் சமையல் பார்த்துக்கொள்வார். அதனால் முதல் துப்பாக்கி வாங்குகிறவரிடம் இதைப் பரிந்துரைக்கமாட்டேன். இரண்டாவது என்றால் .35 வீலன்: அதன் தாய்க்கூடான .30-06 எங்கும் கிடைக்கும்.

பெரியம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

தங்கள் அன்புள்ள
தம்பி மகன்