குத்து வைத்தியம்

திருமங்கலம்

அன்புள்ள செல்வத்துக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கும் அவ்வாறே என்று நம்புகிறேன். தீபாவளிக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதாதது தவறுதான். ஆனால் அதற்கு மன்னிப்புக் கேட்பதற்கு முன், நீ எனக்கு விற்ற பிக்கப் வண்டி தொடர்பாக உன்னிடம் ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

சாவியைக் கையில் கொடுக்கும்போது, "ஹீட்டர் காற்றாடி நின்றால் கிளவ் பாக்ஸுக்கு அடியில் ஒரு குத்து விடு, ஓடும்" என்றாயே, அந்த வைத்தியம் இந்த மழைக்காலம் வரை பலித்தது. மதுரை வெயிலில் ஹீட்டர் எவனுக்கு வேண்டும் என்று மாமா இன்னமும் கேலி செய்கிறார். அவர் மழை இரவில் கொடைக்கானல் மலைப்பாதையில் வண்டி ஓட்டியவர் அல்லர். பூம்பாறையிலிருந்து பூண்டு ஏற்றிக்கொண்டு இறங்குகிறவனுக்கு, கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்துவிட்டால் துணியால் துடைத்துப் பயனில்லை. துடைத்த கை ஓய்வதற்குள் மீண்டும் மூடிக்கொள்ளும். சூடான காற்று கண்ணாடியில் படப்படத்தான் தெளியும். சென்ற மாதம் பெருமாள்மலைக்குக் கீழே ஒரு வளைவில் காற்றாடி நின்றது. குத்தினேன், ஓடவில்லை. எதிரே வந்த பேருந்தின் விளக்குகள் வெறும் மஞ்சள் கறையாகத்தான் தெரிந்தன. தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே ஓரங்கட்டினேன். பக்கத்தில் பையன் உட்கார்ந்திருந்தான். இதை உன் தங்கையிடம் நான் சொல்லவில்லை, நீயும் உளறிவிடாதே.

ஊருக்கு வந்ததும் எலக்ட்ரீஷியனிடம் காட்டினால், அவர் எதையும் கழற்றிப் பார்க்காமலேயே "ரெசிஸ்டர் போய்விட்டது, மாற்றிவிடலாம்" என்றார். எனக்கு அது ஒப்பவில்லை. ரெசிஸ்டர் என்பது மின்சாரத்தைக் குறைத்துக் காற்றாடியை மெதுவாக ஓடவைக்கும் பாகம், குறைந்த வேகங்களுக்கு மட்டுமே உரியது. கடைசி வேகத்தில் மின்சாரம் அதைத் தொடாமல் நேராக மோட்டாருக்குப் போகிறது. ஆகவே ரெசிஸ்டர் எரிந்திருந்தால் கடைசி வேகமாவது ஓட வேண்டும். நம் வண்டியிலோ எல்லா வேகங்களும் ஒன்றாகச் சாகின்றன, ஒன்றாகப் பிழைக்கின்றன. அப்படியானால் கோளாறு, எல்லா வேகங்களுக்கும் பொதுவான இடத்தில், அதாவது பியூஸ், சுவிட்ச், கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளக்), எர்த், மோட்டார் ஆகியவற்றுள் ஏதோ ஒன்றில்தான் இருக்க முடியும்.

விட்டு விட்டு வரும் கோளாற்றை, அது இருக்கும்போதே பிடிக்க வேண்டும். ஓடும்போது சோதித்தால் எல்லாமே யோக்கியமாகத்தான் தெரியும். எனவே வாசலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கிளவ் பாக்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, மோட்டார் கப்ளரின் இரண்டு முனைகளிலும் மீட்டரைச் செருகிக் காத்திருந்தேன். காற்றாடி நின்றது, மீட்டரோ 13 வோல்ட்டுக்கு மேல் காட்டிக்கொண்டிருந்தது. மின்சாரம் வாசல் வரை வந்தும் மோட்டார் ஏற்கவில்லை. உன் குத்தின் ரகசியமும் அப்போதுதான் விளங்கியது: உள்ளே, சுழலும் பகுதியைத் தொட்டு அதற்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்து, ஸ்பிரிங் அதைச் சரியாக அழுத்தாமல் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது, நீ குத்தியபோதெல்லாம் அது தற்செயலாக ஒட்டிக்கொண்டது.

விஷயம் இத்துடன் முடிந்திருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன். கப்ளரைப் பிரித்தால், அதன் வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு மூலை உருகி, உள்ளிருக்கும் பித்தளை முனை கறுத்துக் கிடந்தது. காற்றாடி ஓடும்போது அளந்து பார்த்தேன்: மோட்டார் 18 ஆம்பியர் இழுக்கிறது, கப்ளரில் மட்டும் 1.5 வோல்ட் வீணாகிறது. நல்ல இணைப்பில் இந்த இழப்பு 0.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. இரண்டையும் பெருக்கினால் 27 வாட். நாம் சால்டர் வைக்கும் 25 வாட் அயர்ன் ஒன்றை டேஷ்போர்டுக்குள் செருகி வைத்திருப்பதைப் போன்றது இது. ஆனாலும் 25 ஆம்பியர் பியூஸ் போகவில்லை, போகவும் போகாது. இணைப்பு சூடாவது பியூஸுக்குத் தெரியாது. அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் மட்டுமே அது உருகும்.

மோட்டாரை வெளியே எடுத்தால், காற்றாடிச் சக்கரத்தின் இடுக்குகள் முழுவதும் காய்ந்த புளிய இலை. கள்ளிக்குடி வீட்டு வாசலில், மரத்தடியில் நீ ஆண்டுக்கணக்கில் வண்டியை நிறுத்தியதற்குச் சாட்சி! மோட்டார் தண்டைத் தாங்கும் புஷ், எண்ணெய் வற்றித் தண்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த இறுக்கத்தை வெல்லத்தான் மோட்டார் அதிக மின்சாரம் இழுத்து, கப்ளரைச் சுட்டிருக்கிறது. கப்ளரை மட்டும் மாற்றியிருந்தால் புதியதும் உருகியிருக்கும். கடையில் கிடைத்த சற்றுப் பெரிய பிரஷை அளவுக்குத் தேய்த்துப் பொருத்தினேன்; மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சரின் செம்புப் பட்டைகளை நைஸ் உப்புத்தாளால் துடைத்து, அவற்றின் இடையிலிருந்த கரித்தூளை உடைந்த ஹேக்ஸா பிளேடால் சுரண்டினேன்; புஷ்ஷுக்குத் தையல் இயந்திர எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். புதிய கப்ளருக்கு முனைகளை வயரோடு நன்றாக அழுத்தி கிரிம்ப் செய்து மாட்டிய பிறகு, கடைசி வேகத்திலும் 11 ஆம்பியர்தான் இழுக்கிறது. அந்தப் பழைய கீச்சொலியும் போய்விட்டது. பையனுக்கு அதில் சற்று வருத்தம்.

இனி உன் விஷயம். சிவகங்கையில் நீ ஓட்டும் வண்டியில் புளோயர் (ஹீட்டர் காற்றாடி) பியூஸ் அடிக்கடி போவதாகவும், அந்த இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டதாகவும் போனில் சொல்லிச் சிரித்தாய். நானும் அப்போது சிரித்தேன். உருகிய இந்தக் கப்ளரைக் கையில் வைத்துப் பார்த்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை, செல்வம். என் வண்டியில் பியூஸ் போகாமலேயே இந்த நிலை. உன் வண்டியில் பியூஸே போகும் அளவுக்கு மோட்டார் இழுக்கிறது என்றால், அந்தக் கம்பி உருகுவதற்கு முன் உள்ளிருக்கும் வயர்கள் எரியும். அவை ஓடுவது உன் முழங்காலுக்கு முன்னால், காய்ந்த இலையும் பஞ்சும் அடைந்த இடத்தில்.

சனிக்கிழமை வண்டியை இங்கே கொண்டு வா. பிரஷ் இன்னொரு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன், அரை நாள் வேலைதான். அதுவரை கம்பியை எடுத்து எறிந்துவிட்டு, பியூஸ் பெட்டி மூடியில் எழுதியிருக்கும் ஆம்பியருக்கே பியூஸ் போடு. அதுவும் போனால், காற்றாடி இல்லாமல், கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டி வா.

அன்புடன்,
முருகேசன்