கடலுக்கும் ஒரு பங்கு வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை வந்தால் உங்கள் பத்திரிகையில் தேர்த் திருவிழா விளம்பரமும் பழைய மாணவர் சங்க இராப்போசன விளம்பரமும் பக்கம் பக்கமாக வருகின்றன. கொடுப்பதில் லண்டன் தமிழரைக் குறை சொல்ல முடியாது. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை என்றாலும் கோயிலுக்குக் கோபுரம் என்றாலும் தாராளமாகக் கொடுக்கிறோம். ஆனால் பிள்ளைகளோடு போய்க் குளிக்கிற இந்த நாட்டுக் கடலில் உயிர் காக்கிற ஆர்.என்.எல்.ஐ. என்ற தொண்டு நிறுவனத்துக்காக எங்கள் சங்கம் எதுவும் காசு சேர்த்ததாக நான் கேள்விப்படவில்லை.

தென்கிழக்கு லண்டனில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். 2016 ஆகஸ்ட் 24ஐ இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. கம்பர் சாண்ட்ஸ் கடற்கரைக்குப் போன எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் ஐந்து பேரை ஒரே நாளில் பறிகொடுத்தோம். மூத்தவருக்கு வயது 27, இளையவருக்கு 18. அன்று அங்கே உயிர்காப்பாளர் எவரும் பணியில் இல்லை. அதற்குப் பிறகுதான் ஆர்.என்.எல்.ஐ. தன் ஆட்களை அங்கே நிறுத்தியது. தட்டையான மணல், முழங்கால் அளவு தண்ணீர், பார்த்தால் பயமே வராது. கடல் ஏறும்போது நமக்கும் கரைக்கும் நடுவில் உள்ள பள்ளங்கள் நிரம்பிவிடும். மணல் திட்டில் நிற்பவர் திரும்பிப் பார்க்கும்போது வந்த வழி ஆழமாகியிருக்கும்.

அந்தக் கடற்கரைக்குப் பக்கத்திலேயே, றொதர் ஆற்றின் மறுகரையில், றை ஹாபர் என்ற சின்ன ஊர். 1928 நவம்பர் 15 விடியற்காலை, புயலில் சிக்கிய லத்வியக் கப்பல் ஒன்றுக்கு உதவ அந்த ஊர் மீனவர்கள் மேரி ஸ்டான்ஃபோர்ட் என்ற உயிர்காப்புப் படகை இறக்கினார்கள். கப்பலில் இருந்தவர்களை வேறொரு கப்பல் ஏற்றிவிட்டது என்று பிறகு செய்தி வந்தது. திரும்பி வரச் சொல்லிக் கரையிலிருந்து வாணம் விட்டார்கள். படகில் இருந்தவர்கள் கண்ணில் அது படவில்லை. 17 பேரும் இறந்தார்கள், அவர்களில் ஒரு தகப்பனும் இரண்டு மகன்மாரும். அதோடு மூடிய உயிர்காப்புப் படகு நிலையம் 1966இல் திரும்பத் திறந்தது. இன்றைக்கும் அங்கே தொண்டர்கள் இருக்கிறார்கள். பேஜர் அடித்தால் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறவர்கள்.

"வரி கட்டுகிறோமே, அரசாங்கம் பார்க்கட்டுமே" என்று கடையில் சிலர் கேட்கிறார்கள். 1824இல் தொடங்கிய ஆர்.என்.எல்.ஐ. 1854 முதல் 1869 வரை அரசாங்கக் காசு வாங்கித்தான் பார்த்தது. மக்கள் கொடுப்பது குறைந்துபோகவே வேண்டாம் என்று விட்டுவிட்டது. கடற்கரை உயிர்காப்பாளர் செலவில் உள்ளூராட்சி சபைகள் ஒரு பங்கு கொடுப்பது உண்மை. படகுகள் ஓடுவது பெரும்பாலும் நன்கொடையில், அதிலும் பாதிக்கு மேல் இறந்தவர்கள் உயிலில் எழுதி வைத்தது. பெரிய படகு ஒன்றுக்கு இருபது லட்சம் பவுண்ஸுக்கு மேல் ஆகிறது.

இன்னும் சிலர், "பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவிலுள்ள சனல் கடலில் அகதிகளைத் தூக்கி வருகிறார்களே" என்று முகம் சுளிக்கிறார்கள். இதை எங்கள் ஆட்கள் வாயால் கேட்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. நாங்கள் என்ன, விசா குத்தி விருந்துக்கா வந்தோம்? 2021 ஜூலையில் இதே காரணத்துக்காக ஆர்.என்.எல்.ஐ.யைச் சிலர் திட்டினார்கள். உடனே ஒரே நாளில் இரண்டு லட்சம் பவுண்ஸுக்கு மேல் நன்கொடை சேர்ந்தது.

என் கவுண்டரில் ஆர்.என்.எல்.ஐ.யின் படகு வடிவ உண்டியல் ஒன்று இருக்கிறது. முன்பு மிச்சச் சில்லறை அதில் விழும். இப்போது கறிவேப்பிலைக் கட்டுக்கும் கார்ட்தான் தட்டுகிறார்கள், பெட்டி தூசி பிடிக்கிறது. ஆகவே சங்கங்கள்தான் இறங்க வேண்டும். இராப்போசன டிக்கெட்டில் இரண்டு பவுண்ஸ் கூட்டுங்கள். தனியாகக் கொடுப்பவர் வருமான வரி கட்டுகிறவர் என்றால் 'கிஃப்ட் எய்ட்' கட்டத்தில் குறி போடட்டும், பத்துப் பவுண்ஸுக்கு இன்னும் இரண்டரை பவுண்ஸ் அரசாங்கத்திடமிருந்து ஆர்.என்.எல்.ஐ.க்குப் போகும். ஒன்று, நீங்களாக டப்பாவில் அவர்கள் பெயரை எழுதிக் குலுக்க வேண்டாம். அவர்களிடம் முறையாகக் கேட்டுச் செய்யுங்கள்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு வருடமும் பள்ளி விடுமுறைக்கு முன் கால் பக்கம் இலவசமாக ஒதுக்கி, ஆர்.என்.எல்.ஐ. சொல்லிக்கொடுப்பதைத் தமிழில் போட முடியுமா? தண்ணீரில் தத்தளித்தால் பதறி அடிக்காதே. மல்லாந்து, தலையைப் பின்னால் சாய்த்து, காது நனைய மித. மூச்சு சீரானதும் உதவிக்குக் கூப்பிடு. கரையில் நிற்பவர் 999 அடித்து 'கோஸ்ட்கார்ட்' (கடலோரக் காவல்) என்று கேட்க வேண்டும். ஆங்கிலம் வாசிக்காத அம்மம்மாமார்தான் பல வீடுகளில் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தென்கிழக்கு லண்டன்