இன்ஹேலரை நிறுத்தச் சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கர்ப்பிணிகளின் உடல்நலம் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, இரத்தசோகையையும் சர்க்கரையையும் விரிவாகப் பேசிவிட்டு, ஆஸ்துமா உள்ளவர்கள் மருந்துகளைக் கூடியவரை தவிர்ப்பது நல்லது என்ற ஒரே வரியோடு நகர்ந்துவிட்டது. அந்த வரியை மறுக்கவே இதை எழுதுகிறேன்.

என் தங்கை, கருவுற்றது தெரிந்த வாரமே, காலையும் இரவும் இழுத்து வந்த ஸ்டீராய்டு இன்ஹேலரைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். குழந்தைக்கு ஆகாது என்று யாரோ சொன்னார்களாம். ஆறாம் மாதத்தில் ஒரு நள்ளிரவில், கட்டில் விளிம்பில் இரு கைகளையும் ஊன்றி உட்கார்ந்துகொண்டு, தண்ணீர் கேட்பதற்கே இரண்டு முறை மூச்சு வாங்கினாள். மருத்துவமனையில் இரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் 40 என்று வந்தபோது, இயல்பான அளவுதானே என்று நாங்கள் நிம்மதி அடைந்தோம். மருத்துவரோ உடனே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார். கர்ப்பிணிகள் வழக்கத்தைவிட ஆழமாகச் சுவாசிப்பதால் அவர்களுக்கு அந்த அளவு 28 முதல் 32 வரைதான் இருக்கும் என்றும், மூச்சுத் திணறலின் நடுவே அது 40 ஆவது சுவாசத் தசைகள் களைத்துப்போவதன் அறிகுறி என்றும் பின்னர் விளக்கினார்.

நிறைமாதத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேலான இரத்தம் கருப்பைக்குச் செல்கிறது. ஆஸ்துமா முற்றும்போது அந்த இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவது மட்டுமன்று, தொடக்கத்தில் வேகவேகமாக மூச்சு விடுவதால் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, கருப்பைக்கான இரத்த ஓட்டமும் சுருங்கக்கூடும். நஞ்சுக்கொடி வழியாக வருவதையே நம்பியிருக்கும் சிசுவுக்குக் கையிருப்பு மிகக் குறைவு. கட்டுக்குள் வராத ஆஸ்துமாவோடு கர்ப்பகால இரத்தக் கொதிப்பு, குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை ஆகியவை தொடர்புபடுத்தப்படுவதில் வியப்பில்லை. என் தங்கையின் குழந்தையும் 35ஆம் வாரத்தில் பிறந்து சில நாள் இன்குபேட்டரில் இருந்தது. அந்த இரவுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

கர்ப்பத்தில் மூவரில் ஒருவருக்கு ஆஸ்துமா கூடும், ஒருவருக்குக் குறையும், ஒருவருக்கு அப்படியே இருக்கும் என்பது மருத்துவர்களின் தோராயக் கணக்கு. தான் அந்த மூவரில் யார் என்பது முன்கூட்டித் தெரியாத நிலையில், புடசொனைடு (இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டு), சால்பியூட்டமால் (மூச்சுக்குழாயை விரிப்பது) போன்று கர்ப்பிணிகளுக்கே பல்லாண்டுகளாகக் கொடுத்துப் பழகிய, பெரும்பாலும் நுரையீரலோடு நின்றுவிடும் மருந்துகளைத் தானாக நிறுத்துவது, இல்லாத ஆபத்துக்குப் பயந்து இருக்கும் ஆபத்தை வரவழைப்பதாகும். பிரசவத்தின்போது இரத்தப்போக்கை நிறுத்தத் தரப்படும் கார்போப்ரோஸ்ட் மூச்சுக்குழாயை இறுக்கக்கூடியது என்பதால், ஆஸ்துமா இருப்பதைப் பிரசவ அறையில் சொல்லிவைப்பதும் அவசியம்.

மருத்துவரைக் கேட்காமல் இன்ஹேலரை நிறுத்தக்கூடாது என்ற திருத்தத்தை, அக்கட்டுரை வெளிவந்த அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி